நீங்கள் எழுதிக் கொடுத்த வேலைக்குத்தான் காப்பு: பிரித்தானியாவில் வீட்டுத் திருத்த வேலை செய்வோருக்கான பப்ளிக் லயபிலிட்டி வழிகாட்டி

இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்காரர் தம் வீட்டுக் கதவுக்குத் தாமே புதிய கைபிடி ஒன்றைப் பொருத்தினார். சில மாதங்கள் கழிந்தன. மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிய ஒருவர், அன்று பலத்த காற்று வீசியதால் அந்தக் கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தார். கைபிடி கழன்று கையோடு வந்துவிட்டது. மனிதர் படியிலிருந்து பின்புறமாக விழுந்து காயப்பட்டார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 1958இல் வெல்ஸ் எதிர் கூப்பர் என்ற பெயரில் தீர்ப்பானது. முக்கால் அங்குலத் திருகாணி அந்தக் கைபிடிக்குப் போதுமா என்று நீதிபதிகள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள்.

வீட்டுக்காரர் தப்பினார். ஆனால் நீதிமன்றம் வைத்த அளவுகோலைத் திருத்த வேலை செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். பொருத்தியவருக்குத் தனிப்பட்ட முறையில் எவ்வளவு கைத்திறன் இருந்தது என்பதை அது பார்க்கவில்லை. ஓரளவு தேர்ந்த தச்சர் அந்த வேலையில் காட்டக்கூடிய கவனத்தை இவர் காட்டினாரா என்பதைத்தான் பார்த்தது. சொந்த வீட்டில் வேலை செய்தவருக்கே இதுதான் நிலை. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டில் செய்பவருக்கு, ஒப்பந்தத்தைப் பொறுத்து, அளவுகோல் இன்னும் உயரலாம்.

பப்ளிக் லயபிலிட்டி என்று எல்லோரும் சொல்லும் பொதுப் பொறுப்புக் காப்புறுதி இந்த இடத்தில்தான் வருகிறது. தமிழ்நாட்டு வாசகர்கள் காப்பீடு என்று படித்துக்கொள்ளலாம். இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சில விதிகள் வேறு.

படிவம் நிரப்ப உதவி கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் என்னிடம் முதலில் கேட்பது, "எது மலிவு?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "போன வருடம் என்னென்ன வேலை செய்தீர்கள்?" என்று. குழாய் வேலைக்காரருக்குக் குழாய், பெயின்ட் அடிப்பவருக்குப் பெயின்ட் என்று சொல்லிவிடலாம். ஹாண்டிமன் என்பவர் காலையில் தட்டுப் பலகை அடிப்பார், மத்தியானம் கூரைப் பீலியில் இலை அள்ளுவார், மாலையில் வாஷிங் மெஷின் குழாயை மாட்டுவார். அவருடைய தொழிலை ஒரு வரியில் எழுதுவதுதான் கடினம். அந்த ஒரு வரியை வைத்துத்தான் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்.

முதல் படி: எதற்குப் பணம் வரும், எதற்கு வராது

உங்கள் தொழிலால் வெளியார் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அல்லது வெளியாரின் சொத்துக்குச் சேதம் வந்தால், சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை இந்தக் காப்புறுதி கொடுக்கும். வழக்கை எதிர்த்து நிற்கும் செலவையும் ஏற்கும். வழக்கில் வென்றாலும் வக்கீல் செலவு உண்டு என்பதால் இந்த இரண்டாவது பகுதி சின்ன விடயமல்ல.

பலரும் தவறாக விளங்கிக்கொள்வது ஒன்று உண்டு. முதல் மாடி பிளாட் ஒன்றில் சமையலறைக் குழாயை மாற்றுகிறீர்கள். இணைப்பு சரியாக இறுகவில்லை. இரவில் தண்ணீர் கசிந்து மரத்தரை உப்பி, கீழ் வீட்டுக் கூரைப் பலகை இடிந்து, அந்த வீட்டுச் சோபாவும் நாசமாகிறது. தரை, கூரை, சோபா மூன்றும் பாலிசிக்குள் வரும். ஆனால் தவறாகப் பொருத்திய குழாயை மறுபடி பொருத்தும் செலவு வராது. உங்கள் வேலையின் குறையைத் திருத்துவது உங்கள் தலையில்தான். நீங்கள் நேரடியாகக் கை வைத்து வேலை செய்த பொருளுக்கு வந்த சேதத்தையும் பல பாலிசிகள் விலக்குகின்றன. பழைய கதவை இழைக்கும்போது கதவே பிளந்தால், அந்தக் கதவுக்குப் பணம் கிடைக்காமல் போகலாம்.

உங்கள் கருவிகள், உங்கள் வான், உங்கள் உடல் காயம், உங்களிடம் வேலை செய்பவரின் காயம், அபராதத் தொகைகள் எதுவும் இதில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு காப்புறுதி உண்டு.

தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமமான அஸ்பெஸ்டஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் 1999இல்தான் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அதனால் 2000க்கு முன் கட்டிய எந்த வீட்டிலும், குறிப்பாக அலை அலையாகப் பூசிய கூரைப் பூச்சில், அது இருக்கலாம். விளக்கு மாட்ட ஒரு துளை போட்டாலும் தூசி பறக்கும். பெரும்பாலான பாலிசிகள் அஸ்பெஸ்டஸை அடியோடு விலக்குகின்றன. சந்தேகம் இருந்தால் துளை போடாமல் பரிசோதனை கேளுங்கள்.

சட்டப்படி இது கட்டாயமா என்று கேட்டால், திருத்த வேலை செய்பவருக்குக் கட்டாயமில்லை. ஆனால் சொந்தப் பெயரில் தனியாளாகத் தொழில் செய்பவருக்குத் தொழிலும் வீடும் ஒரே பை. தீர்ப்பு எதிராக வந்தால் சேமிப்பும் சொந்த வீடும் சேர்ந்தே ஆபத்தில் இருக்கும்.

"நம்முடைய ஆட்கள்தானே, வழக்குப் போட மாட்டார்கள்"

இதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று எண்ணவில்லை. வேலை வாய்மொழியாகவே வருகிறது. லண்டன் ஹரோவில் ஒருவர் வீட்டில் செய்தால் அவருடைய சகலை வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட வாடிக்கையாளர் உங்கள் மீது வழக்குப் போட மாட்டார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் போட வேண்டியதில்லை.

வீட்டில் தண்ணீர் புகுந்தால் அவர் தமது வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் செய்வார். "எப்படி நடந்தது?" என்று கேட்பார்கள். அவர் உண்மையைச் சொல்வார், சொல்லத்தான் வேண்டும். நிறுவனம் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் நின்ற இடத்தில் தான் நின்று, கொடுத்த தொகையை உங்களிடம் கேட்கும். சட்டம் அதற்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. வாடிக்கையாளர் "அவரை விட்டுவிடுங்கள்" என்று சொன்னாலும் நடக்காது. கீழ் வீட்டுக்காரரின் நிறுவனமும் தனியாகக் கேட்கும். உங்களுக்குக் கடிதம் வருவது, நீங்கள் ஒருமுறைகூட முகம் பார்க்காத ஒருவரிடமிருந்து.

இரண்டாம் படி: பன்னிரண்டு மாத வேலைப் பட்டியல்

விலை கேட்கும் முன் ஒரு தாளை எடுங்கள். வட்ஸ்அப் செய்திகள், ரசீதுகள், வங்கிக் கணக்கு மூன்றையும் பார்த்து, கடந்த ஒரு வருடத்தில் செய்த வேலைகளை வகை வகையாக எழுதுங்கள். மொத்த வருமானத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய எத்தனை வீதம் என்றும் போடுங்கள். ஒரு மாலை நேரம் இதற்குப் போகும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

படிவத்தில் "ஹாண்டிமன்" என்று தெரிவு செய்தால் நிறுவனம் தன் மனதில் ஒரு பட்டியல் வைத்திருக்கும்: சிறு தச்சு வேலை, பெயின்ட், ஓடு ஒட்டுவது, தளபாடம் பூட்டுவது போன்றவை. கூரை மேல் ஏறுவது, மரம் வெட்டுவது, சுவர் இடிப்பது, நிலம் தோண்டுவது, நெருப்பு அல்லது வெப்பம் பயன்படுத்தும் வேலை ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். பல பாலிசிகளில் உயர வரம்பு உண்டு. 10 மீட்டர் என்று ஒன்றும் 15 மீட்டர் என்று இன்னொன்றும் போடும். தோண்டும் ஆழத்துக்கும் வரம்பு இருக்கும். உங்கள் தாளில் உள்ள ஒவ்வொரு வேலையையும் பாலிசியின் தொழில் விவரணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாததைக் கேட்டுச் சேருங்கள். சேர்த்ததை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் "அதெல்லாம் பிரச்சினையில்லை" என்றால், அதையே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

2016 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டம், தொழிலுக்காகக் காப்புறுதி எடுப்பவர் தமது ஆபத்தை நேர்மையாக, முழுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. படிவத்தில் கேள்வி இல்லை என்பதால் மறைக்கலாம் என்றில்லை. வேண்டுமென்றே பொய் சொன்னால், அல்லது உண்மையோ பொய்யோ என்று கவலைப்படாமல் சொன்னால், பாலிசியையே இல்லாததாக்கி, கட்டிய பணத்தையும் நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். தவறுதலாக விட்டிருந்தால் கணக்கு வேறு. உண்மை தெரிந்திருந்தால் அவர்கள் பாலிசியே கொடுத்திருக்க மாட்டார்கள் என்றால் கோரிக்கை நிராகரிக்கப்படும். பிரீமியம் மட்டும் திரும்பி வரும். கூடிய விலைக்குக் கொடுத்திருப்பார்கள் என்றால் இழப்பீடு அதே விகிதத்தில் குறையும். 150 பவுண் கட்டினீர்கள், பீலி வேலையைச் சொல்லியிருந்தால் 300 கேட்டிருப்பார்கள் என்று வையுங்கள். 40,000 பவுண் சேதத்துக்கு 20,000தான் வரும். மிச்சம் பிடித்த 150 பவுண், உங்கள் தலையில் 20,000 பவுணாக விழும்.

காஸ், மின்சாரம் பற்றி இரண்டே சொல். காஸ் வேலை செய்ய அனுமதி பெற்றவர்களின் பதிவேடான காஸ் சேஃபில் இல்லாதவர் காசுக்குக் காஸ் வேலை செய்வது குற்றம். எந்தக் காப்புறுதியும் அதைச் சட்டபூர்வமாக்காது. மின் வேலையில், புதிய சுற்று இழுப்பது, பியூஸ் பெட்டி மாற்றுவது போன்றவை கட்டட விதிகளின் பி (P) பகுதிக்குக் கீழ் அறிவிக்க வேண்டியவை. பழைய சுவிட்சை எடுத்துப் புதியதை மாட்டுவது பொதுவாக அதில் வராது. ஆனாலும் மின் வேலை செய்வதைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லியிருக்க வேண்டும்.

பெயரும் விவரணத்தின் ஒரு பகுதிதான். நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் ஒரு வரிசை, வங்கியில் ஒரு வரிசை. அப்பாவின் பெயர் முன்னாலா பின்னாலா என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். பாலிசியில் உள்ள பெயரும் ரசீதில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், தனியாள் தொழிலை லிமிடெட் கம்பெனியாக மாற்றினால் சட்டத்தின் கண்ணில் அது புதிய ஆள். பழைய பாலிசி உங்கள் பெயரில் இருக்க, வேலையைக் கம்பெனி செய்தால் கம்பெனிக்குக் காப்பு இல்லை. கணக்காளர் ஒரே நாளில் கம்பெனி பதிந்து கொடுத்துவிடுவார். காப்புறுதியை மாற்றச் சொல்ல அவருக்கு நினைவு வராது.

இலவசமாகச் செய்யும் வேலையும் இப்படித்தான். தேர்த்திருவிழாவுக்குக் கோவிலில் பந்தல் போட ஏணியில் ஏறினால் அது உங்கள் தொழிலா, தொண்டா? பாலிசி தொழிலை மட்டுமே காக்கும். கோவில் நிர்வாகத்தின் பாலிசி தொண்டர்களைச் சேர்த்திருக்கிறதா என்று ஏறும் முன் கேளுங்கள்.

மூன்றாம் படி: மச்சான் உதவிக்கு வந்தால்

ஆள் வைத்தால் கதை மாறிவிடுகிறது. 1969ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒருவரை வேலைக்கு வைத்திருப்பவர் ஊழியரின் காயத்துக்கு இழப்பீடு கொடுக்கும் எம்ப்ளோயர்ஸ் லயபிலிட்டி காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். குறைந்தது 5 மில்லியன் பவுண் காப்பு இருக்க வேண்டும். சந்தையில் பெரும்பாலும் 10 மில்லியனாகத்தான் கொடுக்கிறார்கள். இல்லாமல் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண் வரை அபராதம். சான்றிதழை ஊழியர் பார்க்கும்படி வைக்காவிட்டால், அல்லது அதிகாரி கேட்டுக் காட்டாவிட்டால், 1,000 பவுண் வரை.

"நான் ஆள் வைக்கவில்லை, சப்-கொன்ட்ராக்டர்தான்" என்று சொல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆள் உங்கள் கருவியை எடுத்து, நீங்கள் சொன்ன நேரத்துக்கு வந்து, நீங்கள் சொன்னபடி வேலை செய்து, நாள்கூலி வாங்கினால், அவர் தமக்குத் தாமே வரி கட்டினாலும் காப்புறுதி அவரை உங்கள் ஊழியராகத்தான் பார்க்கும். தம் கருவி, தம் பொருட்கள், தம் பொறுப்பு, தம் சொந்தப் பாலிசி என்று வருபவர் வேறு வகை. அவரை வைக்கும்போது அவருடைய பாலிசிப் பிரதியை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவருக்கு உங்களுக்குக் குறையாத காப்பு இருக்க வேண்டும் என்று உங்கள் பாலிசியிலேயே நிபந்தனை இருக்கலாம்.

குடும்பத்தாருக்குச் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. கம்பெனியாகப் பதியாத தொழிலில் நெருங்கிய உறவினரை மட்டும் வைத்திருந்தால் இந்தக் காப்புறுதி கட்டாயமில்லை. யார் நெருங்கிய உறவு? கணவன், மனைவி, பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சகோதர சகோதரிகள், மாற்றாந்தாய் வழி உறவுகள். வெள்ளைக்காரன் எழுதிய பட்டியலில் மச்சான் இல்லை. மருமகன் இல்லை, சித்தப்பா மகன் இல்லை, பெறாமகன் இல்லை. சித்தப்பா மகனை நாம் தம்பி என்றுதான் சொல்கிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. சனிக்கிழமை மட்டும் வந்து ஏணி பிடிக்கும் மனைவியின் தம்பிக்கு ஐம்பது பவுண் கொடுத்தால், அன்று முதல் நீங்கள் முதலாளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் விழுந்து முதுகெலும்பு முறிந்தால் பப்ளிக் லயபிலிட்டி கைவிரிக்கும். அவரும் அக்காவை நினைத்துப் பேசாமல் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது; வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு வேண்டியிருந்தால் பணத்துக்கு எங்கே போவார்?

விலக்கு இருக்கிறது என்பதற்காகச் சொந்தத் தம்பியைக் காப்பில்லாமல் கூரையில் ஏற்றுவதும் நல்லதல்ல. பப்ளிக் லயபிலிட்டியோடு சேர்த்து வாங்கினால் விலை எவ்வளவு கூடுகிறது என்றாவது கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: எவ்வளவு காப்பு

வழக்கமாக 1, 2, 5, 10 மில்லியன் பவுண் என்று கேட்பார்கள். ஒரு மில்லியன் என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். நெருப்புப் பிடித்து வரிசை வீடுகளில் இரண்டு மூன்று எரிந்தால், அல்லது இளம் வயதுக்காரர் ஒருவர் நிரந்தரமாக ஊனமுற்றால், அது போதாது. தனி வீடுகளில் சிறு வேலை செய்பவருக்கு 2 மில்லியன் என்பது என் கணிப்பில் நியாயமான தொடக்கம். கவுன்சில், பாடசாலை, வீட்டுச் சங்கம், பெரிய வாடகை முகவர் ஆகியோர் பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லியன் கேட்பார்கள். ஒரு மில்லியனிலிருந்து இரண்டுக்குப் போக விலை இரட்டிப்பாகாது என்பதால் இரண்டு விலைகளையும் எடுத்துப் பாருங்கள். உச்சவரம்பு ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனியா, வழக்குச் செலவு அந்த வரம்புக்கு உள்ளேயா வெளியேயா என்ற இரண்டையும் கேளுங்கள்.

எக்ஸஸ் என்பது ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. சொத்துச் சேதத்துக்கு 250, 500 பவுண் என்பது வழக்கம். தண்ணீர், வெப்பம் சார்ந்த சேதத்துக்குத் தனியாகக் கூடிய எக்ஸஸ் வைத்திருப்பதும் உண்டு. மலிவான பாலிசியின் மலிவு சில நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஐந்தாம் படி: நிபந்தனைகளைப் படிப்பது

நாற்பது ஐம்பது பக்கப் பாலிசியை யாரும் படிப்பதில்லை. நான் முழுவதும் படிக்கச் சொல்லவில்லை. "நிபந்தனைகள்", "விலக்குகள்" என்ற இரண்டு தலைப்புகளை மட்டும் தேடிப் படியுங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் பல்கலைக்கழகம் போகும் பிள்ளையை அருகில் இருத்திக்கொள்ளுங்கள்.

வெப்ப வேலை நிபந்தனையில்தான் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள். குழாயைப் பற்றவைக்கும் டார்ச், பழைய பெயின்டைச் சுரண்டும் சூடான காற்றுத் துப்பாக்கி, கிரைண்டர் எல்லாமே இதில் அடங்கலாம். எரியக்கூடிய பொருட்களை அப்புறப்படுத்துவது, தீயணைப்புக் கருவியை எட்டும் தூரத்தில் வைப்பது, வேலை முடிந்தபின் குறிப்பிட்ட நேரம் அங்கேயே நின்று புகை வருகிறதா என்று பார்ப்பது ஆகியவை வழக்கமாக இருக்கும். அந்த நேரம் அரை மணியா ஒரு மணியா என்று உங்கள் பாலிசியில் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்தேகாலுக்கு வானில் ஏறுபவர் நிபந்தனையை மீறிவிட்டார். மரச்சட்டத்துக்குள் கனன்ற பொறி இரவு எட்டு மணிக்கும் எழலாம். ஆகவே வெப்ப வேலையைக் காலையில் வையுங்கள். நின்று பார்த்த நேரத்தைப் போனில் ஒரு படமாக எடுத்து வையுங்கள். பிறகு வாயால் சொல்வதைவிட அது பேசும்.

சுவரில் துளை போடும் முன் குழாய், மின்கம்பி தேடும் கருவியை ஓடவிடுவது எழுதிய நிபந்தனையாக இல்லாவிட்டாலும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெளியேறும் முன் புதிய இணைப்பில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பதும் அப்படித்தான். வாடிக்கையாளரின் சாவியைத் தொலைத்தால் பூட்டு மாற்றும் செலவு வருமா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நிபந்தனை மீறல் எல்லாமே பாலிசியைக் கொன்றுவிடாது. மீறிய நிபந்தனைக்கும் நடந்த சேதத்துக்கும் தொடர்பு இருந்திருக்கவே முடியாது என்று உங்களால் காட்ட முடிந்தால், அந்த மீறலைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. தீயணைப்புக் கருவி இல்லாததைச் சொல்லித் தண்ணீர்க் கசிவுக் கோரிக்கையை ஒதுக்க இயலாது.

ஆறாம் படி: வாங்குவது

இது ஐந்து நிமிட வேலை, ஆகவே சுருக்கமாக. ஒப்பீட்டுத் தளத்தில் ஒரு விலை, தரகரிடம் ஒரு விலை எடுங்கள். வழக்கத்துக்கு மாறான வேலை ஏதாவது உங்கள் தாளில் இருந்தால் தரகரே மேல். கேட்க ஒரு மனிதர் இருப்பார். விற்பவரின் பெயர் நிதி நடத்தை ஆணையமான எஃப்.சி.ஏ.யின் பதிவேட்டில் இருக்கிறதா என்று அதன் தளத்தில் பாருங்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வட்ஸ்அப்பில் அனுப்பும் சான்றிதழை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். சொல்லும் விலையில் 12 வீதக் காப்புறுதி வரி சேர்ந்திருக்கிறதா, மாதாமாதம் கட்டினால் வட்டி உண்டா என்று கேளுங்கள். கட்டும் பிரீமியத்தைத் தொழில் செலவாக வரிக் கணக்கில் காட்டலாம்.

கருவிகளுக்கான காப்பைச் சேர்ப்பவர்கள், இரவில் வானுக்குள் விட்டால் செல்லுமா என்று பார்க்க வேண்டும். "இந்தச் சுவரை எடுத்துவிடலாம்" என்று ஆலோசனை சொல்லியும் காசு வாங்குபவருக்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி தனியாகத் தேவை.

ஏழாம் படி: இடைவெளி விடாமல் ஓட்டுவது

பெரும்பாலான பப்ளிக் லயபிலிட்டி பாலிசிகள் சேதம் நடந்த நாளைப் பார்க்கும், வேலை செய்த நாளை அல்ல. 2023இல் பூட்டிய இணைப்பு 2026இல் வெடித்தால், 2026இல் கையில் இருக்கும் பாலிசிதான் பதில் சொல்லும். குளிர்காலத்தில் வேலை குறைவு என்று மூன்று மாதம் நிறுத்துபவர், அந்த மூன்று மாதத்தில் தம் பழைய வேலைகள் எல்லாவற்றையும் காப்பில்லாமல் விட்டு வைக்கிறார். தொழிலை முழுவதும் விட்டு ஊருக்குப் போகிறவர்களும், கடைசி வேலைக்குப் பின்னும் சில வருடம் தொடரும் காப்பு கிடைக்குமா என்று நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

காயத்துக்கு வழக்குப் போட பொதுவாக 3 வருடம், சொத்துச் சேதத்துக்கு 6 வருடம் அவகாசம் உண்டு; சில சூழ்நிலைகளில் அது நீளும். பழைய பாலிசி ஒன்றையும் எறியாதீர்கள். புதுப்பிக்கும்போது அந்தத் தாளை மறுபடி எடுத்து, இந்த வருடம் புதிதாகச் செய்த வேலைகளைச் சேருங்கள்.

எட்டாம் படி: நடந்துவிட்டால்

முதலில் ஆபத்தை நிறுத்துங்கள்: தண்ணீரின் பிரதான வால்வை மூடுங்கள், மின்சாரத்தைத் துண்டியுங்கள், காயப்பட்டவருக்கு உதவி வரவழையுங்கள். பிறகு படம் எடுங்கள். கழன்ற பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள்; அதுதான் சாட்சி. அன்றே நிறுவனத்துக்கு அறிவியுங்கள். "சின்ன விடயம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று கைப்பணம் கொடுத்துத் தீர்த்தால், ஆறு மாதம் கழித்துப் பூஞ்சணம் பிடித்த சுவரோடு அது திரும்பி வரும்போது தாமதமான அறிவிப்பு என்று மறுக்கப்படலாம்.

"என் தவறுதான், எல்லாவற்றுக்கும் நான் பணம் தருகிறேன்" என்று சொல்லாதீர்கள், செய்தியிலும் எழுதாதீர்கள். நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்பதைப் பாலிசிகள் தடுக்கின்றன. அதற்காகக் கல்லாக நிற்க வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்பதோ, மருத்துவ உதவிக்கு முன்வருவதோ தன்னளவில் பொறுப்பை ஏற்றதாகாது என்று 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் சொல்கிறது. "இப்படி நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே அறிவிக்கிறேன்" என்றால் போதும். முதியவர் ஒருவர் படியில் விழுந்து கிடக்கும்போது மனிதராக நடந்துகொள்ளச் சட்டம் தடையில்லை.

வக்கீல் கடிதம் வந்தால் பதில் எழுதாமல், பிரிக்காத மடலாக மேசையில் கிடக்க விடாமல், அப்படியே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 25,000 பவுண் வரையான பல காயக் கோரிக்கைகள் மின்வழி நடைமுறையில் வருகின்றன. பொறுப்பை ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல நிறுவனத்துக்கு அதில் 40 வேலை நாட்களே உண்டு. அந்த நாட்களில் ஒரு வாரம் உங்கள் மேசையில் கழிந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

நிறுவனம் மறுத்தால்

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்; எந்த நிபந்தனையை, எந்தப் பக்கத்தைக் காட்டி மறுக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு முறைப்பாடு எழுதுங்கள். இறுதிப் பதில் சொல்ல அவர்களுக்கு 8 வாரம். பதில் திருப்தியில்லை என்றால், அல்லது 8 வாரம் கடந்தும் பதில் இல்லை என்றால், நிதிக் குறைகேள் அதிகாரியான ஃபைனான்ஷியல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். சிறு தொழில்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த ஆட்களோடு சிறு அளவில் ஓடும் தொழில் தாராளமாக உள்ளே வரும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இறுதிப் பதில் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். போகும்போது அந்தப் பன்னிரண்டு மாத வேலைப் பட்டியல், "இந்த வேலையும் அடங்கும்" என்று தரகர் அனுப்பிய மின்னஞ்சல், வெப்ப வேலை முடிந்தபின் எடுத்த படம் மூன்றையும் கையில் கொண்டு போங்கள்.